தவக்காலச் சிந்தனை: ஒரு பிடி அரிசியும் ஒரு கணக்கு நோட்டும்



தவக்காலம் தொடங்கியதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த வருஷம் நீங்க எதை விடப்போறீங்க?" என்பதுதான். ஒருவர் அசைவ உணவை விடுகிறார். இன்னொருவர் காப்பியை விடுகிறார். வேறொருவர் தொலைக்காட்சித் தொடரை விடுகிறார். இளையோர் சிலர் கைபேசியிலிருந்து ஒன்றிரண்டு செயலிகளை நீக்கிவிடுகிறார்கள். எல்லாம் நல்ல முயற்சிகளே. ஒருசந்தியும் சுத்தபோசனமும் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இரண்டாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் விட்டது எங்கே போகிறது? நாற்பது நாள் கறி வாங்காத வீட்டில் மிச்சமான பணம் யாருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது? உயிர்ப்பு ஞாயிறன்று கூடுதலாக வாங்கும் இரண்டு கிலோ கறிக்குத்தான் அது போகிறது என்றால், நாம் செய்தது நோன்பா, சேமிப்பா?

இந்தக் கேள்வியை நம் முன் வைத்தது ஒரு புத்தகமல்ல, ஒரு தாய்.

சிரிப்பில் முடிந்த ஓர் அன்பியக் கூட்டம்

தவக்காலத்தின் 3ஆம் வாரச் செவ்வாய்க்கிழமை அது. அன்றைய நற்செய்தி மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரும் மன்னிக்க மறுத்த பணியாளன் உவமை. மாலையில் அன்பியக் கூட்டத்தில் அதையே வாசித்துச் சிந்தித்தோம். அரசன் தள்ளுபடி செய்தது 10,000 தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒரு நாள் கூலி. அப்படியானால் மன்னிக்கப்பட்ட கடன் 6 கோடி நாள் கூலி. அந்தப் பணியாளன் தன் தோழனின் கழுத்தைப் பிடித்துக் கேட்டதோ 100 நாள் கூலி. ஒன்று மற்றதைப்போல 6 இலட்சம் மடங்கு! கணக்கைக் கேட்டு எல்லாரும் வியந்தோம்.

அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு தாய் சொன்னார்: "கடனைத் தள்ளுபடி பண்ற ராஜா எல்லாம் பைபிள்லதான்க்கா இருக்காரு."

எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும்போது நம்மில் ஒருவர் அவரிடம் மெல்ல விசாரித்தார். மறுநாள் காலை பத்து மணிக்குக் குழுக் கடனுக்கு டியூ கட்டவேண்டும். நானூறு ரூபாய் குறைகிறது. எதற்காக வாங்கிய கடன் என்று கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார்: "போன மே மாசம் பொண்ணுக்குப் புதுநன்மைக்கா. எல்லார் வீட்டுலயும் செஞ்சாங்க. நாம மட்டும் செய்யலைன்னா புள்ள மூஞ்சி வாடிப்போயிடும்ல?"

வெள்ளை கவுன், கிரீடம், தெருமுனையில் பிளக்ஸ் பேனர், கேக், நூற்றைம்பது பேருக்குப் பிரியாணி. அந்த விருந்தில் நம்மில் பலர் கலந்துகொண்டோம். வயிறாரச் சாப்பிட்டோம். கவரில் இருநூறு ரூபாய் வைத்துக் கொடுத்தோம். நற்கருணை ஆண்டவரை முதன்முதலாக வரவேற்ற அந்த நாளுக்காக அந்த வீடு ஓர் ஆண்டாகத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது.

நோன்பின் பழைய கணக்கு

தொடக்கத் திருச்சபையில் நோன்புக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'எர்மாவின் மேய்ப்பர்' என்ற நூல் நோன்பு இருக்கும் முறையை விளக்குகிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். மற்ற நாள்களில் உண்டிருக்கக்கூடிய உணவுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ, பெற்றோரை இழந்த பிள்ளைக்கோ, வறியவருக்கோ கொடுத்துவிடவேண்டும். அதே நூற்றாண்டைச் சேர்ந்த அரிஸ்டைட்ஸ் என்ற ஏதென்சு நகர அறிஞர், கிறிஸ்தவர்களைப்பற்றி உரோமைப் பேரரசனுக்கு எழுதிய விளக்கத்தில், தங்களிடம் மிகுதியாக இல்லாதபோதும் இரண்டு மூன்று நாள் நோன்பிருந்து ஏழைக்கு உணவு அளிக்கிறவர்கள் என்று அவர்களைக் குறிப்பிடுகிறார்.

நம் பாட்டிமாருக்கு இந்த நூல்கள் தெரியாது. ஆனால் அதன் சாரம் தெரிந்திருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். 'பிடி அரிசி' என்று அதற்குப் பெயர். வாரக் கடைசியில் அது கோவிலுக்குப் போகும். அல்லது அடுத்த தெருவில் அடுப்பு எரியாத வீட்டுக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் இரண்டு சிறப்புகள் இருந்தன. ஒன்று, அது அன்றாடம் நடந்தது. மற்றொன்று, மிஞ்சியதிலிருந்து கொடுக்காமல், பசிக்கு அளந்ததிலிருந்து கொடுத்தார்கள்.

ஆக, நோன்பு என்பது வயிற்றோடு முடிந்துவிடுவதில்லை. நம் தட்டில் குறைவது இன்னொருவர் தட்டில் கூடவேண்டும். இந்தப் பாலம் அறுந்துபோனால் நோன்பு உடல் எடையைக் குறைக்கும் பத்தியமாக மாறிவிடும். திருநீற்றுப் புதனுக்குப் பின் வரும் வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58ஆம் அதிகாரம் இதைத்தான் காட்டமாகச் சொல்கிறது. நோன்பிருந்தும் வேலையாள்களை ஒடுக்குகிறவர்களைப் பார்த்து, ஆண்டவர் விரும்பும் நோன்பு கட்டுகளை அவிழ்ப்பதே என்று இறைவாக்கினர் முழங்குகிறார்.

இன்று நம் தெருக்களில் உள்ள கட்டுகள் எவை?

கடன் என்னும் கட்டு

நபார்டு வங்கி நடத்திய ஆய்வின்படி, 2016-17இல் கடன்பட்டிருந்த கிராமப்புறக் குடும்பங்கள் 47.4 விழுக்காடு. 2021-22இல் அது 52 விழுக்காடாக உயர்ந்தது. இரண்டில் ஒரு வீடு! கடன் வாங்குவது பாவமல்ல. விதைக்கும், படிப்புக்கும், மருத்துவத்துக்கும் கடன் வாங்காமல் ஏழை வீடு நகராது. கடனுக்கு வழியே இல்லாத காலத்தில் ஏழைகள் கந்துவட்டிக்காரர்களின் வாசலில் நின்றார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அந்த நிலையை ஓரளவு மாற்றின. அங்கே பெண்கள் முதலில் சேமித்தார்கள். சேமித்ததிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். நம் மறைமாவட்டங்களின் சமூகப் பணி மையங்களும் இப்பணியில் உழைத்தன.

பிறகு வந்தது வேறு வகை. சேமிப்பு இல்லாமலே குழு. குழு சேர்ந்ததும் கடன். தனியார் நிறுவனங்கள் வீடு தேடி வந்து கொடுக்கும் நுண்கடன் இது. வட்டி பொதுவாக ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல். குழுவில் ஒருவர் தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும் என்ற ஏற்பாடு. நேற்றுவரை உப்பும் புளியும் கைமாற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்கள், டியூ நாளில் ஒருவர் வாசலில் மற்றவர் உட்கார்ந்து காவல் காக்கும் நிலை இப்படித்தான் வந்தது. ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் சேர்கிறார்கள். அதற்கும் மேலே கைபேசியில் ஒரு விரல் தொட்டால் கிடைக்கும் கடன், கடைகளில் மாதத் தவணை, நகை அடகு. 2025 டிசம்பரில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியது. பெண்ணைப் பெற்ற வீட்டில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதன் கடைசிப் படி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2003இலேயே அதீத வட்டியைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு கூலித் தொழிலாளியும், அவர் மனைவியும், இரண்டு பச்சிளம் பெண் குழந்தைகளும் தீயில் கருகி மாண்டார்கள். சட்டம் இருந்தது; புகார் மனுவும் இருந்தது; கேட்கும் செவிதான் இல்லை. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தடுக்கத் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நல்லதொரு முயற்சி. ஆனால் சட்டம் வசூலிப்பவரைக் கட்டுப்படுத்தும். கடன் வாங்க வைக்கும் ஆடம்பரத்தை அது கட்டுப்படுத்தாது. அந்தப் பகுதி நம் கையில் இருக்கிறது.

எளிமை யாருக்கு?

இங்கே நாம் கவனமாக இருக்கவேண்டும். "ஏன் கடன் வாங்குகிறாய்? எளிமையாக இரு" என்று அந்தத் தாயிடம் சொல்வது மிகச் சுலபம். ஆனால் அது நியாயமா? ஒரு வேளைக் குழம்பை இரு வேளைக்கு வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு நாம் எளிமையைப்பற்றி என்ன பாடம் நடத்தப்போகிறோம்?

திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் தவமுயற்சிகள் பற்றிய சட்டத்தைத் திருத்தியமைத்தபோது இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்த்தார். நோன்பைத் திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று சுருக்கிய அவர், தவத்தைச் சுருக்கவில்லை. வசதி மிகுந்த நாடுகளில் உள்ளோர் உலகப் போக்கில் அடித்துச்செல்லப்படாதபடி தன்னொறுத்தலுக்குச் சான்று பகரவேண்டும் என்றார். வாழ்க்கைத் தரம் குறைந்த நாடுகளில் உள்ளோர், சமூக நீதி மேம்பட உழைத்துக்கொண்டே, தங்கள் துன்பத்தைச் செபத்தில் ஒப்புக்கொடுக்கலாம் என்றார். இருவருக்கும் ஒரே தவம் அல்ல! நாடுகளுக்குச் சொன்னது ஒரே பங்கிலுள்ள இரண்டு தெருக்களுக்கும் பொருந்தாதா?

விவிலியத்தில் இதற்கு அருமையான ஓர் எடுத்துக்காட்டு நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம். எருசலேமின் மதிலைக் கட்டும் பணி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பக்திப் பெருக்கு. உள்ளே மக்கள் பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டார்கள். அரச வரி கட்டக் கடன் வாங்கிவிட்டார்கள். பிள்ளைகளை அடிமைகளாக்கும் நிலை. ஆண்களோடு அவர்களுடைய மனைவியரும் சேர்ந்து கூக்குரல் எழுப்பினார்கள் என்று அந்த அதிகாரத்தின் முதல் வசனமே குறிப்பிடுகிறது.

நெகேமியா என்ன செய்தார்? கோபம் கொண்டார். ஆனால் பேசுமுன் தமக்குள் சிந்தித்துப் பார்த்தார். பிறகு சபையைக் கூட்டினார். அங்கே பிறரைமட்டும் குற்றம் சாட்டவில்லை. தாமும் தம் உறவினரும்கூடக் கடன் கொடுத்தவர்களே என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, இதை நாம் எல்லாரும் நிறுத்துவோம் என்றார். வயலும் வீடும் வட்டியும் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அதோடு முடியவில்லை. ஆளுநராக இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் தமக்குச் சட்டப்படி உரிய உணவுப் படியை அவர் வாங்கவே இல்லை. காரணத்தையும் சொல்கிறார்: மக்கள்மேல் இருந்த சுமை ஏற்கெனவே பெரிது.

இதுதான் தவக்கால எளிமை. வாங்க உரிமையுள்ளவர், வாங்க வசதியுள்ளவர், பக்கத்திலிருப்பவரின் சுமையை நினைத்து வாங்காமல் இருப்பது. எளிமை மேலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். பங்கில் வசதியுள்ள பத்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் புதுநன்மைக்குப் பேனர் வைக்காவிட்டால், பதினோராவது குடும்பம் கடன் வாங்க வேண்டியதில்லை. அந்தத் தாயின் கடனில் அவர் கையெழுத்துமட்டுமல்ல, நம் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது.

தவக்காலத்தில் நாம் திருமணம் வைப்பதில்லை. ஆனால் ஏப்ரல், மே மாத விழாக்களுக்கு மண்டபம் பிடிப்பதும், அழைப்பிதழ் அடிப்பதும், கடனுக்கு ஏற்பாடு செய்வதும் இந்த நாற்பது நாள்களில்தானே! ஒரு பக்கம் சிலுவைப்பாதை. மறுபக்கம் சீட்டுக்காரருக்கும் அடகுக் கடைக்கும் நடை. ஆகவே எளிமையைப்பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.

இரவில் பத்து நிமிடம்

நல்ல தீர்மானங்கள் நம்மிடம் குறைவில்லை. அவை நிலைப்பதில்லை என்பதுதான் குறை. காரணம், அன்றாடம் திரும்பிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் போட்டு, நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் தன்னையே சோதித்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் கோட்டில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். நேற்றைய கோட்டோடு இன்றைய கோட்டை, சென்ற வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சுருங்கச் சொன்னால், ஆன்மாவுக்கு ஒரு கணக்கு நோட்டு!

இந்தத் தவக்காலத்தில் நாம் இதை வீட்டில் செய்துபார்க்கலாம். இரவு உணவு முடிந்ததும் கைபேசிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விவிலியத்தையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் ஒரே மேசையில் வைப்போம். மேசை இல்லாத வீட்டில் பாய் போதும். 2020 பிப்ரவரி 26, திருநீற்றுப் புதனன்று திருத்தந்தை பிரான்சிஸ், தவக்காலம் தொலைக்காட்சியை அணைத்து விவிலியத்தைத் திறக்கும் காலம், கைபேசியிலிருந்து விலகி நற்செய்தியோடு இணையும் காலம் என்ற பொருளில் பேசினார். அந்த அழைப்புக்குப் பத்து நிமிடமாவது பதில் சொல்வோம்.

முதல் மூன்று நிமிடம் அன்றைய நற்செய்தியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். அடுத்த மூன்று நிமிடம் அன்றைய செலவை எழுதுவோம். பால் முதல் பெட்ரோல் வரை, பத்து ரூபாயானாலும் எழுதுவோம். இப்போது பணம் கைபேசி வழியாகவே போய்விடுவதால் போன சுவடே தெரிவதில்லை, எழுதினால்தான் தெரியும். அடுத்த மூன்று நிமிடம் எழுதியதைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்போம்: இதில் தேவைக்கு வாங்கியது எது? பிறர் பார்க்கவேண்டும் என்று வாங்கியது எது? பிறருக்காகக் கொடுத்தது எது? கடைசி ஒரு நிமிடம், இயேசு கற்பித்த செபம். மத்தேயு எழுதிய கிரேக்க மூலத்தில் அந்தச் செபத்தில் மன்னிப்பு கேட்கும் இடத்தில் வரும் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கடன்கள்' என்பதே. நாம் குற்றங்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லும்போது அந்தச் செபம் புதிதாகக் கேட்கும்.

பிள்ளைகளையும் உட்காரவைப்போம். வீட்டுக் கணக்கு தெரிந்து வளரும் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கவுனைப் பார்த்து அழாது.

நாற்பது நாளில் நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பிடி அரிசியை மீண்டும் தொடங்குவோம். அரிசியாகவும் இருக்கலாம், நாம் விட்ட காப்பியின் விலையாகவும் இருக்கலாம். தவக்கால உண்டியலை உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாள் அவசரமாக நிரப்பாமல், ஒவ்வொரு நாளும் அன்றன்றைய நோன்பின் விலையைப் போடுவோம்.

இரண்டாவதாக, எதையும் தவணையில் வாங்குமுன் ஏழு நாள் காத்திருப்போம். ஏழு நாளுக்குப் பிறகும் அது தேவையாகத் தோன்றினால் வாங்கலாம். பெரும்பாலான ஆசைகள் மூன்றாம் நாளே போய்விடும்.

மூன்றாவதாக, இந்த ஆண்டு புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் இப்போதே கூடிப் பேசலாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி எளிய உடை, கோவில் வளாகத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரே பந்தி, பேனர் வேண்டாம். இதை வசதியுள்ளவர்கள்தான் முதலில் சொல்லவேண்டும். ஏழை சொன்னால் அது இல்லாமையாகத் தெரியும். வசதியுள்ளவர் சொன்னால் அது முறையாக மாறும். பங்குத் திருவிழாவிலும் இதே கேள்வியை நாம் துணிந்து கேட்கவேண்டும். வாணவேடிக்கைக்கும் மின்விளக்குக்கும் போடும் தலைக்கட்டு வரியைக் கட்ட ஒரு வீடு வட்டிக்கு வாங்குகிறதென்றால், அந்த ஒளி யாருக்கு மகிமை?

நான்காவதாக, நம்மில் வட்டிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறோம். ஆயிரம் இரண்டாயிரம் கைமாற்றாகக் கொடுத்தவர்களும் இருக்கிறோம். நெகேமியாவின் சபையில் நம்மை நிறுத்திப் பார்ப்போம். அசலுக்கு மேல் வாங்கிவிட்ட வட்டியையாவது விட்டுக்கொடுக்க முடியாதா? 2025ஆம் ஆண்டு யூபிலியை அறிவித்த மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், ஏழை நாடுகளின் கடன்களைத் தள்ளுபடி செய்யுமாறு செல்வந்த நாடுகளைக் கேட்டுக்கொண்டார். அந்த யூபிலி 2026 சனவரி 6 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ புனிதக் கதவை அடைத்ததோடு நிறைவுற்றது. கதவு மூடியதும் அழைப்பும் மூடிவிட்டதா? நாடுகள் செய்யாததை வீடுகள் தொடங்கலாம்.

ஐந்தாவதாக, கடன்பட்டவருக்கு உள்ள உரிமைகளைத் தெரிந்துகொண்டு பிறருக்கும் சொல்வோம். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படுவது நுண்கடன். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக்கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல் நடக்கவேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். மிரட்டக்கூடாது, உறவினரைத் தொல்லைப்படுத்தக்கூடாது. குறை இருந்தால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் தரவேண்டும். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண். இவற்றை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அதுவும் ஒரு தவக்கால அறச்செயலே. கடன் நெருக்கடியில் மனம் உடைந்து பேசுகிற எவரையும் தனியே விடாதிருப்போம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் சொல்லி வைப்போம். அதற்கு முன் நாமே போய்ப் பக்கத்தில் உட்காருவோம்.

ஆறாவதாக, அன்பியத்துக்கு ஒரு சிறு அவசர நிதி. இது புதிய யோசனையல்ல. 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் தவக்கால மறையுரையைத் தொடர்ந்து ஏழைகளுக்கான அடகு நிதி தொடங்கப்பட்டது. அன்றைய மறையுரைகளில் யூதர்கள்மீது வெறுப்பும் கலந்திருந்தது என்பதை வருத்தத்தோடு ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் ஏழைக்கு நியாயமான கடன் வேண்டும் என்ற அக்கறை உண்மையானது. நம் நாட்டிலேயே 1909இல் சோட்டாநாக்பூரில் இயேசு சபை அருட்பணியாளர் ஜான் ஹாப்மன், பழங்குடி மக்கள் வட்டிக்காரரிடம் நிலத்தை இழக்காதபடி கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்கவேண்டாம். வாரம் ஐம்பது ரூபாய், இருபது வீடுகள். கணக்கை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்போம். டியூவுக்கு நானூறு ரூபாய் குறைகிற ஒரு தாய்க்கு வட்டியில்லாமல் கொடுக்க அது போதும்.

கல்லறை வாசல் வரை

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு அந்த நானூறு ரூபாய் சேர்ந்துவிட்டது. பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஐந்து பேர் கொடுத்தார்கள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் டியூ வந்தது. நானூறு ரூபாய் தீர்வல்ல. ஆனால் ஒன்று நடந்தது. கடன்பட்ட அவமானத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்த ஒருவர், அதை வெளியில் சொன்னார். சொன்னதற்காக யாரும் அவரைத் தாழ்வாகப் பார்க்கவில்லை. ஒரு கட்டு அவிழ்வது அங்கேதான் தொடங்குகிறது.

அவர் சொன்னது முழுவதும் உண்மையல்ல என்று காட்டவேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்த அரசர் நூலில்மட்டும் இருப்பவர் அல்லர். நம் எல்லாருடைய 6 கோடி நாள் கூலிக் கடனையும் சிலுவையில் தீர்த்தவர் அவர். அதை நம்புகிறோம் என்று ஒவ்வொரு திருப்பலியிலும் அறிக்கையிடுகிறோம். அப்படி மன்னிக்கப்பட்டவர்கள், அடுத்தவர் கழுத்தில் கை வைக்காமல் இருந்தால்மட்டும் போதாது. அடுத்தவர் கழுத்து நெரிபடும்படி நம் ஆடம்பரத்தால் கயிறு திரிக்காமலும் இருக்கவேண்டும்.

இன்றிரவு உணவுக்குப் பின் ஒரு நோட்டை எடுப்போம். முதல் பக்கத்தில் தேதி போடுவோம். நாளைக் காலை அரிசி களையுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்போம். நாற்பது நாள் முடிந்து, வெறுமையான கல்லறையின்முன் நிற்கும்போது, நம் பங்கில் ஒரு வீட்டின் கடனாவது குறைந்திருக்கட்டும். ஒரு தாயாவது அன்றிரவு நிம்மதியாகத் தூங்கட்டும். உயிர்ப்பின் மகிழ்ச்சியை அந்த வீட்டிலிருந்து தொடங்குவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!